நாலு மணி நேரத் தூரம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மடியில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஊட்டிவிட்டு உட்காருங்கள். இது பசியோடு கேட்கிற கதை இல்லை. ஓர் அடுப்பு பத்தொன்பது நாள் எரியாமல் கிடந்ததைச் சொல்லப்போகிறேன்.

மண்ணூரில் தாண்டவராயன் என்று ஒரு விவசாயி. மனைவி கனகம். ஒரே பிள்ளை பாபு, எழுபத்தெட்டில் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். போகும்போது தாய் அழுதாள்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? ஆயிரத்தெண்ணூறு மைலு, பிளேன்ல நாலே மணி நேரம். காலைல கூப்ட்டா, சாயங்காலம் நீ சோறு வடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்."

அந்தப் பேச்சை அவள் பிடித்துக்கொண்டாள். மீனம்பாக்கத்து விமானம் ஊருக்கு மேலே போனால் போதும், "நாலு மணி நேரம்" என்பாள்.

மறுவருஷம் ஆடியில் ஒரு காலை, தபால்காரர் சூசைராஜ் தந்தியோடு வந்து நின்றார். வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்து பாபு செத்துப்போனான். உடலை விமானத்தில் அனுப்புவார்களாம்.

தாண்டவராயன் விரல் மடக்கினார். இப்போது மணி பத்து. வானத்தில் நாலு மணி நேரம், ரோட்டில் ஒரு மணி நேரம்.

"பொழுதோட வந்துடுவான்" என்றார்.

உடனே பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டினார்கள். கலியாணமாகாத பிள்ளை, புதைக்க வேண்டும், குழியும் தோண்டினார்கள். பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். ஒரு வீட்டிலும் புகை இல்லை.

பொழுது சாய்ந்தது. பாபு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு மரகதத்தின் கைக்குழந்தை பாலுக்கு வீறிட்டது. பட்டினி கிடந்தவளுக்குப் பால் எங்கே சுரக்கும்? கனகமே எழுந்து போனாள்.

"இன்னாடி, புள்ள கத்துது, நீ குந்திகினு கீற?"

"எப்டி அத்தை அடுப்பு மூட்றது..."

"பத்த வைடி. எம்புள்ள கோச்சிக்க மாட்டான். அவனே சோத்துக்குப் பறக்கிறவன்."

தெருவில் எல்லா அடுப்பும் எரிந்தது, அவள் அடுப்பைத் தவிர. அடுத்த தெரு சூசைராஜ் வீட்டுக் கஞ்சியில் இரண்டு வாய் குடிப்பாள், அவ்வளவுதான். போலீஸ் எழுத வேண்டும், கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. விமானச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். பிறகு நடந்து போனாள். கடைசியில் தவழ்ந்து போனாள்.

பத்தொன்பதாம் நாள் லாரியில் பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்று மூடி முத்திரை வைத்திருந்தார்கள். பாடை மூங்கில் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. பெட்டியின் கனத்தில் முறிந்தது. குழியில் மழைத்தண்ணீர். அது பாபுவின் அளவு, பெட்டியின் அளவு இல்லை. மறுபடி வெட்டினார்கள்.

கனகம் பெட்டிமேல் கை வைத்துக் கேட்டாள்.

"சூசை, எவ்ளோ நேரம் பறந்தானாம்?"

"நாலு மணி நேரம்க்கா."

"அப்ப மிச்ச நாளெல்லாம் எங்க கெடந்தான்?"

சூசைராஜ் குனிந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

பெட்டி போனதும் மரகதம் தன் அடுப்பிலிருந்து ஒரு வரட்டியில் நெருப்பு எடுத்து வந்து கனகத்தின் அடுப்பை மூட்டினாள். சாயங்காலம் சோறு வடித்தார்கள். கனகம் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். மூன்றாவது பாபுவுக்கு.

உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் ஆறாமல் இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலைத் தாண்டிப் போனவர்கள், எத்தனை நாளானாலும் சரி, தங்கள் காலால் நடந்து வந்து உட்கார்ந்து சாப்பிடட்டும்.