கூழ் கேட்ட ஆத்தாள்

1942 பங்குனியில் வத்தல்மலையில் அம்மை போட்டது. சென்னம்மாளின் மாமனார் மல்லையனுக்கு வயது எழுபதுக்கு மேல். ஒன்பது நாளாக வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார். காய்ச்சலில் நினைவு தவறி, செத்துப்போன அண்ணனோடு பேசினார். இல்லாத ஆட்டை விரட்டினார். அம்மை கண்டவர் வாயில் வருவதெல்லாம் மாரியாத்தாள் வாக்கு என்பது ஊர் நம்பிக்கை. அதனால் சென்னம்மாள் அந்த இல்லாத ஆட்டுக்கும் தண்ணீர் வைத்தாள்.

பத்தாம் நாள் காலையில் கிழவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"சாப்புட்டயா? மூஞ்சி வாடிக் கெடக்குதே."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் சாப்பிட்டிருக்கவும் இல்லை. அவள் வாய் திறக்குமுன், பக்கத்தில் நின்ற புருஷன் சின்னன் கைகூப்பிவிட்டான்.

"அப்பனா இதெல்லாம் கேப்பாரு? ஆத்தா பேசறா. அவளுக்குத்தான் பசி. கூழு காச்சு."

ஒரு பானை கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். சின்னன் அதைக் கோயில் வாசலில் படைத்து ஊருக்கே ஊற்றினான். பானை காலியாகத் திரும்பி வந்தது. கழுவிக் கவிழ்த்தாள்.

பதின்மூன்றாம் நாள் கிழவருக்கு நினைவு தெளிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியானதும் சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஏ, தண்ணி."

"ஆத்தா எறங்கிட்டா. அப்பன் வந்துட்டாரு," என்று சின்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சென்னம்மாள் செம்பை எடுத்தாள். ஆத்தாள் இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.