சாமியாடியின் ராஜினாமாக் கடிதம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தென்காசியில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் கடிதமும் அடித்துக் கொடுப்பேன். ஆனி மாதக் கடைசியில் ஒருவர் கடிதம் அடிக்க வந்தார், கூடவே கதையும் வந்தது. என் கதைகளில் உருப்படியானவை எல்லாமே இப்படி யாராவது கவுண்ட்டரில் விட்டுவிட்டுப் போனவைதான்.

வந்தவர் பெயர் அய்யாக்குட்டி. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். குற்றாலம் போகிற வழியில் ஓர் ஊர், அங்கே சுடலைமாடன் கோயில். வருடத்துக்கு ஒருமுறை ஆடி மாதம் கொடை விழா. அன்று சாமி அவர் மேல்தான் இறங்கும். ஊர் ஜனம் எதிரே நின்று வாக்குக் கேட்கும்.

"கோயில் கமிட்டிக்கு ஒரு லெட்டர் அடிக்கணும் அண்ணாச்சி."

"என்னன்னு?"

"இந்தக் கொடையில நான் ஆடல. ராஜினாமான்னு போடுங்க."

சாமியாடிகூட ராஜினாமா செய்யலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். காரணம் கேட்டேன்.

"மேலுக்குச் சரியில்லன்னு போடுங்க."

"மேலுக்கு என்ன?"

"நல்லாத்தான் இருக்கு."

அடித்துக் கொடுத்தேன். 'உடல்நிலை காரணமாக' என்று நானே திருத்தினேன். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

'குற்றாலத்து மலையில் முதல் சாரல் இறங்கிய அந்த மாலையில்...' (தென்காசிக்காரன் கதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நனைந்துவிடுகிறான். அடித்துவிட்டேன்.)

'அய்யாக்குட்டி வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை.' (மேலே முதல் பகுதியைப் பார்க்கவும்.)

'தெய்வம் மனிதனுக்குக் கொடுக்கும் வாக்கு என்பது' (என்பது என்ன? இப்படி ஆரம்பிக்கிற வாக்கியத்தை முடிக்கும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை.)

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அய்யாக்குட்டிக்கு ஒரே மகள், மஞ்சு. வயது இருபது. போலீஸ் தேர்வுக்குத் தினமும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தவள், போன வருடம் சித்திரையில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிடும், நரம்பு என்ன செய்யும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அந்த ஆடிக்கொடையின்போது அவள் படுக்கையில் கிடந்தாள். அவள் அம்மா அகிலாண்டேஸ்வரி, கச்சை கட்டி ஆடிக்கொண்டிருந்த தன் சொந்தப் புருஷன் முன்னால் முந்தானையை விரித்து நின்றாள். சாமி சொன்னது:

"அடுத்த கொடைக்கு ஒம்மவ நடந்து வருவா. எனக்கு முத மாலை அவ கையால. அது வரைக்கும் வேற யாரு மாலையும் நான் வாங்க மாட்டேன்."

ஊரே கேட்டது. ஆடி முடித்து, முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த அய்யாக்குட்டி, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாராம்.*

* ஆடும்போது சொன்னது எதுவும் சாமியாடிக்கு நினைவிருக்காது என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற முகத்தைப் பார்த்த பிறகு இல்லை.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "சாமி சொல்லிச்சா, பெத்த மனசு சொல்லிச்சான்னு எனக்கே தெரியல அண்ணாச்சி. ஆசையில நான் ஒளறியிருந்தா? எம் பொண்டாட்டி அத நம்பிட்டு உக்காந்திருக்கா. கொடையன்னைக்கு அந்தப் புள்ள நடக்கலன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு ஆட?"

3

இந்த இடத்தில் அகிலாண்டேஸ்வரியை நான் தவறாகப் படைத்துவிட்டேன். முதல் பிரதியில் அவள் வாடிய முகமும் கூப்பிய கையுமாக இருந்தாள். அவள் கண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு பத்தி. மறுநாள் அசல் ஆள் கடைக்கு வந்து அந்தப் பத்தியைக் கெடுத்துவிட்டாள். கையில் நான் அடித்த கடிதம்.

"சட்டையத் துவைக்க எடுத்தேன், பையில இருந்துச்சு. நீங்கதான அடிச்சிய?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் சிரித்தாள்.

"ஒடம்பு சரியில்லையாம்லா. நேத்து ஒரே உக்காருல எட்டு தோசை."

நான் விளக்கினேன். அவருக்குப் பயம், சொன்னது தன் ஆசையோ என்று நினைக்கிறார் என்றேன்.

"அவிய சொல்லுத எதையும் நான் நம்புனதே கிடையாது அண்ணாச்சி. பால் வாங்கிட்டு வாரேன்னு போனாவன்னா, டீ குடிச்சு ஊர்வம்பு பேசி ஒம்பது மணிக்குத்தான் வருவாவ. இது அவிய சொன்னதில்லலா."

"அவர் வாயிலதான வந்துச்சு?"

"சாமிக்கு ஒரு வாய் வேணும்லா. பக்கத்துல இருந்தத எடுத்துக்கிட்டு."

"அப்பன் ஆசையா இருந்தா?"

"அந்த ஆசைய அவிய மனசுல வச்சது யாரு?"

(எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. மகனின் பரீட்சை, என் சர்க்கரை டெஸ்ட், இப்படி வருடத்துக்கு நாலைந்து நாள்.)

நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். அவளோ வாரத்தில் மூன்று நாள் மகளை பஸ்ஸில் ஏற்றி ஆய்க்குடிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறாள். வீட்டிலிருந்து கோயிலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும் என்று எண்ணி வைத்திருக்கிறாள். நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மஞ்சு அப்போது இருநூறைத் தாண்டியிருந்தாள்.

"வாக்க சாமி குடுத்துட்டு. கால நாமதான எடுத்து வைக்கணும்," என்றாள்.

4

மஞ்சுவை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை. நானும் பார்க்காமல்தான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

"எங்கப்பா ஆட்டத்த நம்பி ட்ரெயினிங் எடுக்கேன் மாமா," என்றாள். "உலகத்துலயே எனக்கு மட்டுந்தான் இப்படி ஒரு கோச்."

"உனக்கு நம்பிக்கை இருக்கா?"

"காலையில இருக்கும். சாயங்காலம் வலிக்கும்போது இருக்காது. அம்மாட்ட எப்பவும் இருக்குலா, அதுல கொஞ்சம் வாங்கிக்கிடுவேன்."

பிறகு கோயிலைப் பார்க்கப் போனேன். அங்கேதான் ஒன்று கண்ணில் பட்டது. மாடனுக்குச் சிலை கிடையாது, பீடம்தான். சுண்ணாம்பு பூசிய பீடம், மஞ்சுவின் தலைக்கு மேலே ஒரு முழம் நிற்கிறது. மாலையை அதன் உச்சியில் சாத்த வேண்டும். அதற்கு இரண்டு கையும் மேலே போக வேண்டும். இரண்டு கையும் மேலே போனால், வாக்கரை யார் பிடிப்பது? நடந்துவிடலாம். பிடிமானம் இல்லாமல் நிற்பது? சாமி வாக்கில் இருந்த இந்தச் சிக்கலை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லையே என்று ஓட்டமாக ஓடி அகிலாண்டேஸ்வரியிடம் சொன்னேன்.

அவள் ஈரத்துணி வாளியைக் காட்டினாள். "ஒரு வருசமா அந்தப் பீடத்தத்தான் பாத்துட்டிருக்கேன். அதான் கொடிய ஒசத்திக் கட்டி, அவளத் துணி காயப்போடச் சொல்லுதேன். ரெண்டு சேல போடுத வரைக்கும் நிக்கா. அப்பொறம் வாக்கரப் பிடிச்சுக்கிடுதா."

ஒரு மாலை போட ஒரு சேலை நேரம் போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். மறுகணமே, விழுந்தால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். இரண்டையும் நினைத்தது ஒரே ஆள்தான்.

5

கொடைக்கு எட்டு நாள் முன்பு பந்தல்கால் நாட்டினார்கள். அன்று சாமியாடி கையில் காப்புக் கட்டிவிட்டால் பிறகு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அய்யாக்குட்டி கட்டிக்கொண்டார். கடிதம் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டேன்.

"எம் பொண்டாட்டி மாலைக்குச் சொல்லிட்டா அண்ணாச்சி. நான் எங்க போக?"

கதையை முடிக்க எனக்கு அவசரம். மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) மஞ்சு மாலை போடுகிறாள். குலவை. சுபம்.

ஆ) மஞ்சு தடுமாறுகிறாள். சாமியாட்டத்தின் நடுவே அய்யாக்குட்டி பாய்ந்து அவளைத் தாங்குகிறார். சாமி மறைந்து அப்பா நிற்கிறார். (இலக்கியத் தரமான முடிவு. பத்திரிகையில் போடுவார்கள்.)

இ) பெருமழை. கொடை தள்ளிவைக்கப்படுகிறது. (இதை எழுதியவன் கோழை.)

வாசிக்கக் கொடுத்தேன். மஞ்சு சத்தமாக வாசிக்க, அகிலாண்டேஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மூணு வச்சிருக்கிய," என்றாள். "எனக்கு ஒண்ணுதான். பாவம், உங்களுக்குத்தான் ரொம்பப் பயம் போல."

கொஞ்சம் பொறுத்து எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "கொடையன்னைக்கு அவகிட்ட இருந்து வாக்கர நீங்க வாங்கிக்கிடணும். வாங்கிட்டுத் தள்ளிப் போயிரணும். கிட்ட நின்னா அவ கை அதத் தேடும்."

6

மதியக் கொடை. மேளம், வில்லுப்பாட்டு, பொங்கல் புகை, மேலே சாரல். (நனைந்துவிட்டேன். தென்காசிக்காரன்.) அய்யாக்குட்டி மேல் சாமி வந்து, ஊர் கொண்டுவந்த மாலைகளை எல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு முத மாலை எங்க?"

மஞ்சு தெருவில் வந்தாள். மூன்று இடத்தில் நின்றாள். "ஏட்டி போலீஸ்காரி, கூட்டத்த வெலக்கிட்டு வா," என்று யாரோ ஒரு பெண் கத்த, நடுத்தெருவில் நின்று சிரித்தாள். சிரித்ததில் ஓர் எட்டு பிசகி, மறுபடி எடுத்து வைத்தாள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இருநூற்றைம்பதுக்கு மேல் கண்ணில் நீர் வந்து எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது அழுதேன் என்று நினைவில்லை.

பீடத்தின் முன்னால் நின்றாள். அம்மா மாலையை நீட்டினாள்.

"மாமா, பிடிங்க," என்றாள் மஞ்சு.

வாக்கர் என் கைக்கு வந்தது. ஓர் உண்மையைச் சொல்கிறேன். தள்ளிப் போவதாகத் தலையாட்டியிருந்தேனே தவிர, அவள் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே நிற்பது என்று வீட்டிலிருந்து வரும்போதே முடிவுசெய்திருந்தேன். அகிலாண்டேஸ்வரி என்னைப் பார்த்தாள். என் பையிலிருந்த மூன்று முடிவுகளையும் அவள் பார்ப்பது போல இருந்தது. நான் வாக்கரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மேளக்காரர்களைத் தாண்டி, பொங்கல் அடுப்புகளைத் தாண்டி, ஆட்டோக்கள் நிற்கிற இடம்வரை போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன்.

பார்த்ததை எழுதப்போவதில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை, ஊரே பார்த்தது. ஆனால் ஒன்றுக்கு மூன்றாக முடிவு எழுதி வைத்திருந்த ஆள் நான். இதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

உங்களுக்கு உண்டு. மஞ்சுவின் இரண்டு கையும் மாலையோடு மேலே போய்க்கொண்டிருக்கின்றன. இந்தாருங்கள், வாக்கரை நீங்கள் பிடியுங்கள். கிட்ட நிற்க வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் போங்கள்.