ஏரிக்கு அந்தாண்ட ஒரு கூட்டாளி

முப்பது வருடச் சிநேகிதத்தின் விலை நாற்பத்திரண்டு ரூபாய் என்று 1980-ஆம் வருடம் வாலாஜாபாத் சந்தையில் முடிவானது. கொஞ்சம் இழுத்துப் பேசியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஒரு ஜோடி உழவு மாட்டுக்கு வந்த தரகில் அந்த நாற்பத்திரண்டு யார் பங்கு என்று பாண்டுரங்கனும் ராஜாமணியும் பஸ் ஏறும்வரை கத்தினார்கள். ஏறிய பிறகு, பஸ்ஸில் இருந்த எல்லோர் காதும்பட ராஜாமணி சொன்னார்: "இனிமே உன் வாசப்படிய நான் மிதிச்சா, அது உன் சாவுக்குத்தான்டா."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். இரண்டு பேரும் மாட்டுத் தரகை விட்டு மனைத் தரகுக்கு வந்தார்கள். படப்பைப் பக்கத்தில் ஏரிக்கு இக்கரையில் பாண்டுரங்கனும் அக்கரையில் ராஜாமணியும், கம்பெனிகள் வரப்போகின்றன என்று கேள்விப்பட்டு வந்தவர்களுக்குக் கல் நட்டு விற்றார்கள். பாண்டுரங்கனுக்குக் காசுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பொய்யைச் சொல்லி மனையை விற்றுவிட்டு வந்தால், அந்தப் பொய்யின் வேலைப்பாட்டை ரசிக்க ஆள் இல்லை. ரசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஏரிக்கு அந்தாண்டை இருந்தார்.

1991 ஆவணியில் பாண்டுரங்கனுக்கு அறுபது நிறைந்தது. ஹோமம், கலசம் என்று ஐயர் நாலாயிரம் கேட்டார். பாண்டுரங்கன் அதை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கி வைத்திருந்த நேரத்தில் ஜெபகுமார் வந்தான். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். பாண்டுரங்கனிடம் மனை வாங்கி, ஏமாந்து, அதன் பிறகு நண்பனானவன்.

"ஐயருக்கு எதுக்குண்ணே அழுவுறீங்க? நான் கிடார் வாசிப்பேன், நம்ம கம்பெனி பசங்க ரெண்டு பேரு மவுத் ஆர்கன், டிரம்ஸ் வாசிப்பானுங்க. ப்ளூஸ் கச்சேரி வெச்சிக்கலாம். பைசா வாணாம், பிரியாணி போதும்."

"ப்ளூஸுன்னா இன்னாடா?"

"அமெரிக்காவுல கஷ்டப்பட்ட ஜனங்க பாட்டு. மனசுல கீற துக்கத்த வாய்விட்டுப் பாடறது. மொத வரிய ரெண்டு வாட்டி பாடணும், மூணாவது வரில பதில் சொல்லணும். உங்க துக்கம் இன்னான்னு சொல்லுங்க, தமிழ்லயே கட்டிடறேன்."

பாண்டுரங்கன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "ராஜாமணி."

அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். குழாய் ஸ்பீக்கர் இரண்டும் ஏரியைப் பார்த்து இருக்க வேண்டும். வந்திருப்பவர்களுக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. அவன் மனிதனாக இருந்தால் பாட்டைக் கேட்டு வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தலில் பாண்டுரங்கனை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் ரோஜா மாலையும் நெற்றியில் சந்தனமும் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமமும் இட்டார்கள். அவர் மனைவி செங்கமலம் பட்டுப் புடவையில் முறைத்துக்கொண்டு நின்றாள். ஜெபகுமார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"ஏரிக்கு அந்தாண்ட ஒரு கூட்டாளி... ஏரிக்கு அந்தாண்ட ஒரு கூட்டாளி... நான் கூவுனா தவளதான் பதில் சொல்லுது..."

மவுத் ஆர்கன் விம்மியது. கூட்டம் பிரியாணி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தது. செங்கமலம் கணவர் காதில் குனிந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா இன்னாய்யா இது, எழவு வூடு மாதிரி?"

"சும்மா கெட. அமெரிக்கா பாட்டு."

அந்த அமெரிக்கா பாட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த கிளியம்மாள் காதிலும் விழுந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவானாலும் ஒப்பாரிக்குக் கிளியம்மாள்தான். தன்னைக் கூப்பிடாமல் வெளியாளை வைத்து ஒப்பாரி நடக்கிறது என்ற ஆத்திரத்தில் தலையை அள்ளி முடிந்தபடி வந்தாள். நாற்காலியில் இருந்தவர் தலையாட்டுவதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னும் உசுரு கீதா?"

"அறுபது முடிஞ்ச விசேஷம்டி," என்றாள் செங்கமலம்.

"அப்ப சரி. அதுக்குன்னு இப்டி உசுரே இல்லாமயா பாடறது?" என்று கிளியம்மாள் மைக் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கிடார் அவள் பின்னால் ஓடியது. ஒப்பாரி என்றால் ஆள் பெயர் வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். "பந்தல் கால் சாஞ்சுபோச்சே, என் பாண்டுரங்க ராசாவே" என்று இரண்டு முறை பாடி, மூன்றாவது வரியில் மார்பில் அடித்துக்கொண்டாள். ஜெபகுமாருக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட ப்ளூஸை அவன் கேசட்டில்கூடக் கேட்டதில்லை.

குழாய் ஸ்பீக்கர் அதை அப்படியே தண்ணீர் மேல் தள்ளி அக்கரையில் சேர்த்தது. கிளியம்மாள் குரலைக் கேட்டால் அங்கே யாரும் போய் விசாரிப்பதில்லை; மாலை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு கையில் சம்பங்கி மாலை, மறு கையில் கோடி வேட்டி. ராஜாமணி தலை நரைத்து, ஒரு சுற்று இளைத்திருந்தார். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தார். பதினோரு வருடம் மிதிக்காத வாசப்படி அவர் காலில் இடித்தது.

பாண்டுரங்கன் அவரைப் பார்த்தார். எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்தார். அடுத்த நொடியே கணக்குப் போட்டுவிட்டார். தான் உயிரோடு இருப்பது தெரிந்தால் ராஜாமணி வந்த வழியே திரும்பிவிடுவான்; சொன்ன சொல் அப்படி. அறுபது வயது பூர்த்தியான பாண்டுரங்கன் கண்ணை மூடி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, செத்துப்போனார்.

அந்தப் பக்கத்தில் பெரிய தலைகள் செத்தால் நாற்காலியில் உட்கார வைத்து மாலை போடுவதுதான் வழக்கம் என்பதால், ராஜாமணிக்கு எதுவும் உறுத்தவில்லை. கோடியைப் போர்த்தி, மடியில் முகத்தைப் புதைத்தார். ஜெபகுமாருக்குப் பாட்டை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தான்.

"போயிட்டியேடா. பேரம் பேசி ஜெயிக்க இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தானேடா எனக்கு இருந்த."

செத்தவர் கண்ணிலிருந்து ஒரு துளி மூக்கோரம் இறங்கியது. ராஜாமணி நிமிர்ந்து செங்கமலத்தைப் பார்த்தார். மல்லிகைப்பூ, பட்டுப் புடவை, அகலக் குங்குமம்.

"இன்னும் பூவக்கூட எடுக்கலயேம்மா."

"அதுக்கு இன்னும் நேரம் கீதுண்ணே," என்றாள் செங்கமலம், கணவர் தொடையை நறுக்கென்று கிள்ளி. பிணம் பல்லைக் கடித்தது.

ராஜாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தணித்தார். "எதுக்கும் கலங்காதம்மா. நான் கீறேன். அந்த ஏரிக்கரை மனை நாலு சென்ட் கீதே, அத அன்னியன் கைக்கு விட்டுடாத. நானே எடுத்துக்கறேன். சென்ட்டு ரெண்டாயிரம்."

"மூவாயிரத்துக்குக் கீழ இல்ல," என்றது பிணம்.

கிடார் நின்றது. எதிரே ஒருவர் விலை சொன்னதும் ராஜாமணி பழக்கத்தில், "ரெண்டாயிரத்து எறநூறு," என்றார். பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்தார். பாண்டுரங்கன் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தார்.

ராஜாமணி முகம் சிவந்தது, வெளுத்தது. எழுந்து கோடி வேட்டியை உருவினார்.

"நாடகமாடா ஆடற? நான் சாவுக்குத்தான் வருவேன்னு சொன்னவன். கெளம்பறேன்."

வாசப்படிக்கு நாலு எட்டுதான் இருந்தது. பாண்டுரங்கனுக்கு ஆளைத் தெரியும். கெஞ்சினால் நிற்கிற ஆள் இல்லை. முறை பேசினால் நிற்பான்.

"சாவுக்குத்தானே வந்த?"

"ஆமா."

"சாவுக்கு வந்தவன் எடுக்கறதுக்கு முன்ன போவலாமா? உங்க வழக்கத்துல எப்படியோ, எங்க ஊர்ல அது மரியாத இல்ல."

ராஜாமணி நின்றார். "எப்ப எடுப்பாங்க?"

"தெரியல. அதுவரைக்கும் உக்காரு."

ராஜாமணி கிளியம்மாளைப் பார்த்தார். முறை தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். "எடுக்காம போவக்கூடாதுதான்," என்றாள் அவள், பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ராஜாமணி ஒரு நாற்காலியை இழுத்து, பாண்டுரங்கன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கைக்கும் மேலே போட்டார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி, விரல்கள் துண்டுக்குள் ஒன்றையொன்று பிடித்தன. பாண்டுரங்கன் அந்தக் கையைச் சட்டென்று விடவில்லை. ஜெபகுமார் மெல்லக் கிடாரை எடுத்தான்.

"வர்ற வழியில செலவாயிடுச்சுடா," என்றார் ராஜாமணி. "மேளத்துக்கும் பல்லக்குக்கும் அட்வான்ஸ் குடுத்துட்டேன். திருப்பித் தரமாட்டான்."

"சொல்லு."

மாலை இருபத்தைந்து, கோடி வேட்டி எழுபது, மேளம் நூறு, பூப்பல்லக்கு நூற்றைம்பது. ஆக முன்னூற்று நாற்பத்தைந்து. இதில் ராஜாமணி வைக்க வேண்டிய பிறந்தநாள் மொய் ஐம்பத்தொன்று கழிவு. பிரியாணி இரண்டு தட்டு முப்பது கழிவு; ஒரு தட்டுதான் தின்றேன் என்று தகராறு, சாட்சிக்குச் செங்கமலம். மீதி இருநூற்று அறுபத்து நான்கு, பாண்டுரங்கன் பேரில் பற்று. எடுக்கிற அன்றைக்குத் தீர்த்துக்கொள்வது, அதுவரை பாக்கி.