சந்தாபுராவின் ஒரே ரசிகை

டிரேவர் தயாரித்த 'ரத்தத் திட்டு' தொடரை ஊரில் ஒருவரும் முழுதாகப் பார்க்கவில்லை. ஆளுக்குப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஓடினார்கள். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடம், காபி மெஷின், வாய் நிறைய ஆங்கிலம் எல்லாம் இருந்த அந்த ஓடிடி கம்பெனியில் இல்லாதது பார்ப்பதற்கு ஆள் மட்டும்தான். "ஜனங்களுக்கு டேஸ்ட் இல்ல" என்று டிரேவர் சொல்லித் திரிந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் இரண்டாம் சீசன் கிடைக்காவிட்டால் அவன் வேலையும் போய்விடும். அப்போதுதான் கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு வீடு கண்ணில் பட்டது. சந்தாபுராவில் லட்சுமம்மா என்று ஒருத்தி தொடரை முதலிலிருந்து கடைசிவரை, தினமும், திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தாள். டிரேவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கஸ்டமர் கேரில் தாஜா பண்ணி விலாசம் வாங்கினான். வாங்கக் கூடாதுதான், யார் கேட்கப் போகிறார்கள்? ரசிகை பேசுவதை வீடியோ எடுத்து மீட்டிங்கில் காட்டுவதாகத் திட்டம். தொடரின் பெயர் அச்சடித்த காபி மக் ஒன்றை எடுத்துக்கொண்டு கேப் பிடித்தான்.

லட்சுமம்மா கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வந்து அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே, ஆளில்லாத வீட்டில், அவனுடைய தொடர் கத்திக்கொண்டிருந்தது. தொடரை எடுத்தவன் தான்தான் என்று சொல்லி, அவன் அசடு வழிந்தபடி வீடியோ எடுக்க செல்போனை நீட்டினான்.

"தினமும் போட்டுப் பாப்பீங்களாம்மா?"

"இது ஓடாம நான் வாசப்படியே தாண்ட மாட்டேன் சார். இந்த ரோட்ல கள்ளனுங்க தொல்லை. கதவுல பீகா, அதான் பூட்டு, தொங்குதுன்னா பட்டப்பகல்லயே ஒடைச்சி புகுந்துடறானுங்க. உங்க நாடகத்துல எந்நேரமும் எவனாச்சும் கத்திகினே இருக்கானா, உள்ள ஆம்பளைங்க சண்டை போடறாங்கன்னு ஒருத்தனும் கிட்ட வரதில்ல."

"உக்காந்து பாத்ததே இல்லையா?"

"ஒரு ஞாயித்துக்கெழம பாத்தேன். கள்ளனே வந்துட்டுப் போவட்டும்னு தோணிச்சு." மக்கை வாங்கிக்கொண்டு டீ போடப் போனாள்.

மானமுள்ளவன் அன்றே வேறு வேலை தேடியிருப்பான். டிரேவர் கத்தரிக்கோல் போடத் தெரிந்தவன். அவள் சொன்னதில் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பெரிய திரையில் லட்சுமம்மா, "இது ஓடாம நான் வாசப்படியே தாண்ட மாட்டேன் சார்" என்றாள். கூட்டம் கைதட்டியது. கம்பெனியின் ஒரு தொடரையும் பார்த்தறியாத தலைவர் கோதண்டராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செகண்ட் சீசன் எடுங்க டிரேவர். ஒண்ணே ஒண்ணு. சத்தம் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. இந்தம்மா மாதிரி ஃபேமிலி ஆடியன்ஸுக்கு சைலண்டா, கவிதை மாதிரி இருக்கட்டும்."

டிரேவர் துள்ளி எழுந்தான். சத்தம் இல்லாவிட்டால் இருந்த ஒரே ரசிகையும் போய்விடுவாளே!

"சார்," என்று கெஞ்சினான், "கதையை வேணா எடுத்துடலாம் சார். கத்தறது மட்டும் இருக்கட்டும்."