இடது கை பாக்கெட்டில்

மின்சாரம் என்றாலே அவனுக்குப் பயம். வீட்டில் ஒரு பல்பை மாற்ற வேண்டுமென்றால் மெயின் சுவிட்சை அணைத்து, ரப்பர் செருப்பை மாட்டி, மர ஸ்டூலில் ஏறி, அதற்கப்புறமும் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வான். ஜன்னல் திரை தைக்கும் கடையில் துணி வெட்டுகிற வேலை. முதலாளி ஆசையாக வாங்கிக் கொடுத்த மின்சாரக் கத்தரியை மூன்றாம் மனிதரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய இரும்புக் கத்தரியையே எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கடையில் அவனுக்கு 'ஷாக்கு' என்று பெயர். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவியோ எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவள். ஜோடி சேர்த்து வைத்தவர்களை இப்போது திட்டி என்ன பயன்?

அவள் வாரநாட்களில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுப்பாள். வாரக் கடைசியில் தன் தம்பியின் இசைக்குழுவோடு மேடை ஏறுவாள். ஷாக்கு ஒரு கச்சேரியையும் விட்டதில்லை. முன் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். மனுஷன் எப்படி ரசிக்கிறார் பார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ரசனையாவது ஒன்றாவது. மேடைத் தரையில் நெளியும் ஒயர்களையும், பாடுகிறவர் ப்ளக் பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலையும்தான் அவன் கண்கள் மேய்ந்துகொண்டிருக்கும். முடிந்ததும் அவள் வந்து எப்படி இருந்தது என்று கேட்பாள். நல்லா இருந்துச்சு என்பான். அவளும் சரி என்று ஒயரைச் சுருட்டப் போய்விடுவாள்.

அவளுடைய ஆம்ப்ளிஃபயர் பழைய காலத்து வால்வு வைத்தது. உள்ளே கண்ணாடிக் குப்பிகள் மாதிரி வால்வுகள் வரிசையாக நிற்கும். சூடேறினால் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். கொஞ்ச நாளாக அதன் குரல் சரியில்லை, தகரத்தில் ஆணியை வைத்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தாள். அவனுக்கு எப்போதும்போலத்தான் கேட்டது. அடுத்த வாரம் ஒலிப்பதிவு. ரிப்பேர்காரரோ வெளியூரில். தம்பி எங்கேயோ தேடி, பஞ்சில் சுற்றிப் புது வால்வுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். மாமா வீட்டை விட்டு ஓடாமல் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

சின்ன வால்வுகளை மாற்றியபோது ஒன்றும் ஆகவில்லை. அணைத்து, ஆறவிட்டு, பழசை மெல்ல ஆட்டி உருவி, புதுசைப் பொருத்தினாள். வாசித்துப் பார்த்ததில் முன்னைக்குத் தேவலை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பெரிய வால்வுகள் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். அவற்றை மாற்றினால் அவற்றில் ஓடும் மின்சாரத்தின் அளவை ஒரு குட்டித் திருகால் சரிசெய்ய வேண்டுமாம். ஆம்ப்ளிஃபயரின் கூட்டைக் கழற்றி, குடலெல்லாம் வெளியே தெரிய, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டுமாம்.

ரிப்பேர்காரர் வரட்டும் என்று கெஞ்சினான். ஒலிப்பதிவைத் தள்ளிப்போடலாம் என்றான். வேறு ஆம்ப்ளிஃபயர் இரவல் வாங்கலாம் என்றான். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வீடியோவெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டாம். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் ஒரு கையைத்தான் விடுவார்கள், இன்னொரு கை பாக்கெட்டிலேயே கிடக்கும். இரண்டு கையும் எதையாவது தொட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாகப் போய், மறுகையில் இறங்கும். அந்த வழியில்தான் இதயம் இருக்கிறது.

இதைக் கேட்டதும் அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். ஆழமான பாக்கெட் வைத்த பேண்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டிலிருந்து கழற்றிய ஆம்ப்ளிஃபயரை மேஜைமேல் கவிழ்த்து, ஸ்பீக்கரை இணைத்து, அளவு காட்டும் மீட்டரின் கிளிப்புகளை மின்சாரம் வராத நேரத்திலேயே மாட்டிவைத்தாள். கிடாரும் தோளில் தொங்கியது. திருகைத் திருப்பிவிட்டு உடனே வாசித்துப் பார்க்க வேண்டுமே. நீண்ட ஒயர்ப் பலகையின் சுவிட்சை அவன் காலடியில் வைத்தாள்.

"என்னங்க, நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சா போதும். என் வலது கை பெட்டிக்குள்ள இருக்கறப்ப இடது கையவே பாருங்க. பாக்கெட்ட விட்டு வெளிய வந்தா சுவிட்ச அணைச்சிடுங்க. என்ன ஆனாலும் என்னைத் தொட்றாதீங்க. முதல்ல சுவிட்ச்."

அவன் தலையாட்டினான்.

அவள் சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் ஒளிர்ந்தன. உள்ளிருந்து லேசான ரீங்காரம் வந்தது. வலது கை ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போனது, இடது கை பாக்கெட்டில் கிடந்தது. அவன் அந்தப் பாக்கெட்டையே பார்த்தான். துணிக்குள் அவள் விரல்கள் மடங்குவதும் நீள்வதும் தெரிந்தன. அவள் மூச்சு விட்டால் அவன் விட்டான், நிறுத்தினால் நிறுத்தினான். ஒரு கொசு வந்து அவன் கழுத்தில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. அசையவில்லை. மீட்டரில் எண் ஏறி, இறங்கி, நின்றது. அவள் கையை வெளியே எடுத்து ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு அவள் வாசித்தாள்.

அவனுக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தச் சத்தம் அவன் இதுவரை கேட்டதில்லை. தேன் போல, மழை போல என்றெல்லாம் சொல்ல அவனுக்கு வராது. யாரோ அவன் பெயரைத் தெரிந்துகொண்டு, பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல் கூப்பிட்டது மாதிரி இருந்தது. தோள்கள் தாமாகவே இறங்கின. பிறந்ததிலிருந்து கூடவே இருந்த பயம் ஒரு நிமிஷம் எழுந்து வெளியே போனது. அவன் கண்ணை மூடினான்.

அவள் கடைசியாகப் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டைப் பிடித்து மீட்டினாள். அது நீண்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. இடது கை கம்பிகளை அழுத்தியிருக்கும் வரைதான் அது ஒலிக்கும், எடுத்தால் செத்துவிடும். இன்னும் ஒரு நூலிழை திருகினால் இன்னும் இனிக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது ஒலிக்கும்போதே திருகினால்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே கார்டை விடாமல், வலது கையால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கம்பி மீட்டும் பிளெக்ட்ரத்தைப் பிடிக்கிற பழக்கத்தில் அதன் இரும்பு நுனிக்குப் பக்கத்தில் விரல்களை வைத்துப் பிடித்து, பெட்டிக்குள் விட்டாள். கிடார்க் கம்பிகள் ஒயர் வழியாக அந்தப் பெட்டியின் உடம்போடு சேர்ந்திருப்பவை. கிடார்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறைச் செய்ய வராது.

நுனி வழுக்கி, மின்சாரம் ஓடும் பக்கத்து முனையில் பட்டது.

சத்தம் பெரிய உறுமலாக மாறியதும் அவன் கண்ணைத் திறந்தான். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அது அவள் நிற்கிற மாதிரி இல்லை. பல் கிட்டி, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கையும் பிடித்ததை விடாமல் இருந்தன. அவளைப் பிடித்து இழுக்க அவன் கைகள் நீண்டன. முதலில் சுவிட்ச் என்று எங்கோ கேட்டது. கால் அதன்மேல் விழுந்ததா, அவனே விழுந்தானா என்று அவனுக்குத் தெரியாது. உறுமல் நின்றது. அவள் கிடாரோடு பின்னால் சாய்ந்தாள்.

தரையில் கிடந்தவளின் மூக்கருகே விரலை வைத்தான். மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கன்னத்தை அங்கே வைத்தான். சூடாக ஒரு காற்று பட்டது. அப்போதுதான் அவன் ஓவென்று கத்தினான், மாடிவீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

மருத்துவமனையில் அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றான். இதயம் ஒழுங்காகத்தான் அடிக்கிறது, இருந்தாலும் நாளைக் காலை வரை பார்க்கலாம் என்றார் டாக்டர். வலது கையில் இரண்டு விரல்கள் கருகியிருந்தன. இடது கையில் விரலுக்கு ஒன்றாக, கம்பியை அழுத்திய இடத்தில் மெல்லிய கோடுகள் சுட்டிருந்தன.

எல்லோரும் போனபிறகு, ஏன் இடது கையைப் பாக்கெட்டில் வைக்கவில்லை என்று கேட்டான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கண்ண மூடிட்டீங்க."

அவன் உடைந்துபோனான். ஆமாம், என் தப்புதான், பார்த்துக்கொள் என்று சொன்ன ஒரே காரியத்தைக்கூடச் செய்யவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அதச் சொல்லலங்க. இத்தன வருஷமா நான் வாசிக்கறப்ப நீங்க ஒயரத்தான் பாப்பீங்க. எனக்குத் தெரியாதா என்ன? இன்னிக்குத்தான் கேட்டீங்க. கம்பிய விட்டு கைய எடுத்தா அது நின்னுடும், நீங்க கண்ணத் தொறந்துடுவீங்க. அதான் எடுக்கல."

இத்தனை வருஷமும் அவள் கேட்டபோதெல்லாம் வாயிலிருந்து தானாக விழுந்த 'நல்லா இருந்துச்சு' என்ற அந்தச் சொல், இப்போது நிஜமான பிறகு, வர மறுத்தது. அதைச் சொன்னால் அவள் மறுபடியும் அந்தப் பெட்டியைத் திறப்பாள். சொல்லாவிட்டால் அவள் இந்த விரல்களை எதற்காகச் சுட்டுக்கொண்டாள்? இதுவரை எந்த ஒயருக்கும் பயந்திராத அளவு அவன் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தான்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று அவளே கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்கும்மா."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. தனக்கும்தான் என்றாள்.