பாணி வேணவே வேணாம்

கம்பஸ் வழக்கம்போல மூடிக் கிடந்த ஒரு மாதத்தில்தான் நான் கல்முனைக் கடற்கரை வீதியிலுள்ள இலவசக் கிளினிக்கில் சேவை செய்யத் தொடங்கினேன். அரசியல் விஞ்ஞானம் படிப்பவன் என்பதால் நோயாளிகளைத் தொட எனக்கு அனுமதியில்லை. நம்பர்த் துண்டு கொடுப்பேன். கதவு திறப்பேன். மின்விசிறி நின்றால் அதைத் தட்டுவேன்.

வருகிறவர்கள் கடலுக்குப் போகிறவர்கள், தறி நெய்கிறவர்கள், கூலிக்கு வயல் வெட்டுகிறவர்கள். முத்தலிப் ஹாஜியார், சந்தைக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடம் எழுப்பத் தொடங்கிய பிறகு, அங்கே சீமெந்து குழைக்க வந்த பங்களாதேஷ்காரர்களும் வரத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவன் சொஹாக். அவனுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருப்பதை எங்கள் டொக்டர் பஸ்மினாதான் கண்டுபிடித்தார். குளிசை எழுதுவது டொக்டரின் வேலை. புத்தி சொல்வது நேர்ஸ் றினோஸா ராத்தாவின் வேலை. ராத்தாவுக்கு மொழி ஒரு தடையே இல்லை. சத்தமாகச் சொன்னால் எந்த நாட்டுக்காரனுக்கும் தமிழ் விளங்கும் என்பது அவருடைய கொள்கை.

"தம்பி! சீனி வேணாம்!"

"சீனி" என்று சொஹாக் தலையாட்டி, விரலால் தேத்தண்ணி கலக்கிக் காட்டினான்.

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கண்டியா? சோக்கா விளங்குது. நீங்கதான் கம்பஸில வருஷக்கணக்காப் படிக்கிற."

பிறகு அவனிடம், "பாணியும் வேணாம்!" என்றார். தயிர்ச் சட்டியில் அந்த இனிப்புப் பாகை ஊற்றுவதுபோலக் கையைச் சாய்த்தும் காட்டினார்.

சொஹாக்கின் கண்கள் விரிந்தன. "பாணி?"

"ஓம், பாணி. வேணவே வேணாம்."

அவன் தொண்டையைத் தொட்டுக்கொண்டான். ஏதோ யோசித்தான். சூரியன் இறங்குவதுபோலக் கையைத் தாழ்த்தி, நோன்பு திறக்கிற நேரத்தைக் கேட்பவன்போல "மஃரிப்?" என்றான்.

"மஃரிபுக்குப் பொறகும் வேணாம். குடிச்சாயெண்டா மவுத்துத்தான்!"

மவுத்து, அதாவது சாவு, எந்த ஊர் முஸ்லிமுக்கும் தெரிந்த சொல்; அவனுக்கும் விளங்கியது. நெஞ்சில் கைவைத்து, ஜனாஸா அடக்கத்திலிருந்து திரும்புகிறவன்போல எழுந்து போனான்.

"பாவம்" என்று ராத்தா இரங்கினார். "தயிரும் பாணியுமெண்டா இந்தப் பொடியனுக்கு உசிர் போல."

அடுத்த கிழமை ஹாஜியாரே அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். கட்டடச் சாரத்திலிருந்து இறங்கும்போது மயங்கி மணல் குவியலில் விழுந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது.

"டொக்டர், இவன் வேலைக்கு ஒதவமாட்டான் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க. கொழும்பு ஏஜென்ட்டுக்கிட்ட ஒப்படைச்சிடுறன், அவன் ஊருக்கு அனுப்பட்டும். என்ட கட்டடத்தில மவுத்தானெண்டா ஆருக்குக் கரைச்சல்?"

அத்தனை தமிழிலும் சொஹாக்குக்கு ஒரே சொல்தான் தேவைப்பட்டது. "நோ ஏஜென்ட், ஹாஜி! நோ ஏஜென்ட்! மை வேலை குட்!" என்று எழும்பப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை. கட்டிலில் விழுந்து அழுதான். அழுகையிலும் கண்ணீர் வரவில்லை.

டொக்டர் அவனுடைய புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டார். கிள்ளிய தோல் இறங்காமல் கூடாரம்போல நின்றது.

"நீங்க வெளிய இரிங்க ஹாஜியார். பாத்திட்டுத்தான் எழுதுவன்."

ஹாஜியார் போன பின், "உடம்பில தண்ணியே இல்ல" என்றார் டொக்டர். "கிட்னிக் கோளாறோ என்னவோ. முதல்ல குடிக்கக் குடுங்க."

ராத்தா பில்டரிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து நீட்டினார். சொஹாக் வாயை இறுக மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டினான்.

"நோ, ஆப்பா, நோ!" என்று, ராத்தாவை அக்கா என்று தன் பாஷையில் அழைத்துக் கெஞ்சினான்.

"என்னடா, நஞ்சா தாறன்?"

அவன் கிளாஸைக் காட்டினான். "பாணி." பில்டரைக் காட்டினான். "பாணி." ஜன்னல் வழியே வங்காள விரிகுடாவைக் காட்டி, "பாணி" என்றான். அவனுடைய நாட்டின் பெயரிலுள்ள கடல், அவன் என்ன பெயரும் சொல்லலாம். கடைசியில் கையைச் சாய்த்து ஊற்றிக் காட்டி, ராத்தாவின் அதே தொனியில், அதே சத்தத்தில் சொன்னான்:

"பாணி வேணவே வேணாம்! மஃரிப் வேணாம்! மவுத்து!"

மின்விசிறி நின்றது. யாரும் என்னைத் தட்டச் சொல்லவில்லை.

"றினோஸா" என்றார் டொக்டர் மெதுவாக. "இவங்கட பாஷையில பாணியெண்டா என்ன?"

"தண்ணி போல."

"சீனி?"

"சீனிதான் போல, டொக்டர். அதுதானே நான் ஏமாந்த."

ஒரு கிழமையாக அந்தப் பொடியன் சீனி போடாத பிளேன்டீயோடு மட்டும் வெயிலில் சீமெந்து குழைத்திருக்கிறான். ராத்தாவின் முகம் கொஞ்சம் வெளிறியது, ஆனால் வெளிறியபடி நிற்கிற ஆளில்லை அவர். கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவன் தலையைப் பிடித்தார்.

"வேணாமெண்டு சொன்னதும் நான்தான். இப்ப சொல்றதும் நான்தான். குடி மனே! பாணி குடி!"

சொஹாக் டொக்டரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். முதல் மிடறு போனதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கிளாஸை ராத்தாவிடமிருந்து பறித்தான்.

"இன்னும் குடி! நல்லாப் பாணி குடி!"

கதவு படாரென்று திறந்தது. ஹாஜியார்.

"என்ன புள்ள செய்யிறீங்க? சீனி வருத்தக்காரனுக்குப் பாணியா பருக்குறீங்க?"

"ஓம் ஹாஜியார்" என்றார் டொக்டர். "உங்கட சைட்டிலயும் இனிப் பாணி குடுக்கோணும்."

விசயத்தை விளக்க நேரமெடுத்தது. ஹாஜியார் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தாடியைத் தடவினார். சேலைன் ஏறி முடிய, சொஹாக் நிமிர்ந்து உட்கார்ந்தான். சிறுநீரும் போய்விட்டு வந்தான். டொக்டருக்கு அது போதும். கிட்னியில் பழுதில்லை என்றார்.

"அப்ப துண்டு?" என்று கேட்டார் ஹாஜியார்.

டொக்டர் எழுதிக் கொடுத்தார். ஹாஜியார் சத்தமாக வாசித்தார்: "ரெண்டு நாள் ஓய்வு. அதன்பின் வேலை செய்யலாம். வேலைத்தளத்தில் குடிநீர் வைக்கவும்." நிமிர்ந்தார். "அங்க கிணறு இரிக்கே?"

"அது சீமெந்து குடிக்கிற தண்ணி" என்றார் டொக்டர்.

ஹாஜியார் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஏறுடா ஆட்டோவில."

"ஏஜென்ட்?" சொஹாக் கட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"ஏஜென்ட்டுமில்ல, ஒண்டுமில்ல. ரூமுக்குப் போற. வழியில பெரிய போத்தலா ஒண்டு வாங்குவம், உன்ட பாணிக்கு."

அடுத்த கிழமை சொஹாக் இரண்டு நண்பர்களோடு வந்தான், கக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு. அவர்களில் ஒருவனுக்கும் சீனி வருத்தம். ராத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி! சீனி வேணாம்!"

பாணி ஊற்றிக் காட்டக் கையைத் தூக்கியவர், நிறுத்தினார். சொஹாக் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். டொக்டர்கூடப் பேனாவை வைத்துவிட்டார்.

"தயிரும் வேணாம்" என்றார் ராத்தா.