அல்லிக்குளம் ரெசிடென்சிக்கு ஒரு படகு

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அல்லிக்குளம் ரெசிடென்சி. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டியவர் பெயர் வைப்பதில் பொய் சொல்லவில்லை. அங்கே நிஜமாகவே ஒரு குளம் இருந்தது, அதை மூடித்தான் கட்டினார். குளத்திடம் மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. மழைக்காலம் வந்தால் அது தன் பழைய இடத்துக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

தரைத்தளத்தில் முதல் வீடு தபீதாள் டீச்சருடையது. பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் லாசரஸுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் சரியாக வேலை செய்யாது. போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் மாடிப் பையன்கள் அவரைத் தோளில் தூக்கிப் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோனார்கள். நடுவில் ஒரு தடவை கை நழுவி முங்கவும் முங்கினார். அவர் இருமிய இருமல் டீச்சரின் காதில் இன்னும் இருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் மகள் அபிகாயில் போனில் ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, அங்கே வாடகைக்குப் போய்விடுங்கள் என்றாள். லாசரஸ் கேட்கவில்லை.

"மேல ஏத்திட்டீங்கன்னா அப்புறம் என்னைப் பெட்டியில வெச்சுத்தான் இறக்குவீங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாயங்காலமானால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே போய் உட்காருவார். ஸ்கூல் ஆட்டோ பிள்ளைகள், கீரை விற்பவர், கூரியர்காரர் என்று போகிற வருகிற எல்லோரிடமும் பேச்சு. பாதி நாக்குதான் ஒத்துழைக்கும், ஆனாலும் பேசுவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மனிதர் மீதி நாளை ஓட்டுகிறார் என்பது டீச்சருக்குத் தெரியும். மாடி ஏறினால் அது போச்சு.

அதனால்தான் அசோசியேஷன் கூட்டத்தில் 'படகு வாங்கலாம்' என்று யாரோ சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நல்ல படகு வாசலில் நின்றால் அவர் கீழேயே இருக்கலாம்.

தலைவர் சாம்பசிவன் முதல் மாடிக்காரர், ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. எதையும் ஒரு கமிட்டி போட்டுத்தான் செய்வார், செய்யாமல் விடுவதற்கும் ஒரு கமிட்டி போடுவார். படகுக் கமிட்டியில் அவரும், நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் செயலாளர் ஸ்ரீவத்சனும், டீச்சரும் இருந்தார்கள். புதுப் படகு கட்டுப்படியாகாது, பழையது பார்ப்போம் என்று முடிவானது. முடிவான அதே மூச்சில் பழைய படகும் கிடைத்துவிட்டது. சாம்பசிவனின் சகலை சிட்டிபாபு கோவளம் பக்கம் படகு சவாரி நடத்தி மூடியவர். அவரிடம் ஒரு ஃபைபர் படகு சும்மா கிடந்தது.

"ரெண்டே சீசன்தான் ஓடியிருக்கு. டாக்டர் வெச்சிருந்த கார் மாதிரி" என்றார் சாம்பசிவன்.

"வாங்கறதுக்கு முன்னாடி படகைச் சோதிச்சுச் சொல்ற ஒரு மரைன் சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்டிடலாம் சார்" என்றார் டீச்சர்.

"நம்ம சொந்தக்காரன் டீச்சர். பொய் சொல்வானா?"

"சொந்தக்காரர்னுதான் சார் கேக்கறேன்."

கூட்டத்தில் இதற்கு ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஃப்ளாட் வாங்கும்போது சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா, தலைவாசல் எந்தத் திசை என்று பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள். அடியில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லைதான். அந்த ஆத்திரம் அவருக்கு இருந்தது. சர்வேயரைத் தேடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

முதலில் கிடைத்தவர் படு சுறுசுறுப்பு. "நாலு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க மேடம். ஈவினிங்குள்ள ரிப்போர்ட் வந்துடும்."

"நீங்க படகைப் பார்க்க வர மாட்டீங்களா?"

"பார்க்கறதுன்னா அது தனி சார்ஜ் மேடம்."

இரண்டாமவர் அனுபவஸ்தர், எடுத்தவுடன் விஷயத்துக்கு வந்துவிட்டார். "லோனுக்கா, இன்ஷூரன்ஸுக்கா, விக்கறதுக்கா? அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிடலாம்."

"ஏறி உக்கார்றதுக்கு சார்."

"அதுக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்" என்றார்.

ஸ்ரீவத்சன் தன் பங்குக்கு நெட்டில் நாலரை நட்சத்திரம் வாங்கிய ஒருவரைக் கண்டுபிடித்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பற்றிய பாராட்டுகளை எல்லாம் வாசித்தார். 'மிகவும் இனிமையாகப் பழகினார்.' 'எங்கள் படகில் ஒரு குறையும் சொல்லவில்லை.' 'மறுபடியும் இவரையே அழைப்போம்.' பாராட்டியவர்கள் எல்லோரும் படகை விற்றவர்கள். டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் நல்ல சர்வேயரைக் காட்டிக் கொடுத்தது சிட்டிபாபுதான். படகைப் பற்றி விசாரிக்கப் போன் செய்தபோது அவரே வாய் விட்டார்.

"யார வோணா இட்டுகினு வா டீச்சர், எனக்கு இன்னா பயமா? அந்த ஊரப்பாக்கம் ஸ்டெபினு மட்டும் வாணாம். பேஜாரு புடிச்ச ஆளு. நல்லா கீற படகைக்கூட சுத்தியலால தட்டிகினே இருப்பான்."

இதைவிடப் பெரிய நற்சான்று எந்தச் சர்வேயருக்கும் கிடைக்காது என்று டீச்சருக்குப் பட்டது. அன்றைக்கே ஊரப்பாக்கத்துக்குப் போன் போட்டார்.

ஸ்டெபின் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். எதிர்முனையில் இருப்பவருக்கும் வாய் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. "விக்கிறவர் வாங்கித் தர்ற டீயைக் குடிக்க மாட்டேன். அவர் கார்ல ஏற மாட்டேன். நான் சொல்றது பிடிக்கலன்னா மறுபடி போன் பண்ணி அழக் கூடாது. சம்மதமா?" என்றார். டீச்சர் சம்மதம் என்று சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கமிட்டி மொத்தமும் கோவளத்துக்குக் கிளம்பியது. படகு செங்கல் மேல் தூக்கி வைக்கப்பட்டு, புதுப் பச்சைப் பெயின்ட் பளபளக்க, முகூர்த்தத்துக்குத் தயாரானது போல நின்றது. ஸ்டெபின் பெயின்டைப் பார்க்கவே இல்லை. கோணியை விரித்து அடியில் போய்ப் படுத்துவிட்டார். படுத்தபடியே சிங்கப்பூரில் தான் காப்பாற்றிய கப்பல், பனாமாவில் தான் திட்டிய கேப்டன் என்று தன் பெருமையை அளந்துகொண்டே சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனார். டீச்சருக்கே ஒரு கட்டத்தில் அந்தச் சுத்தியலை வாங்கி அவர் தலையில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது.

ஆனால் தட்டுவதில் மனிதர் ஓர் அங்குலம் விடவில்லை. டக், டக் என்று வந்த சத்தம் பின்பக்கம் போனதும் தொப் தொப் என்று மாறியது. மார்க்கெட்டில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? ஸ்டெபின் உள்ளே ஏறி, தரைப் பலகைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தார்.

"இன்ஜின் மாட்டற பின்பலகை உள்ளுக்குள்ள ஊறிப் போச்சு. அடியில நீளமா ஒரு விரிசல், பட்டி பார்த்து மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. தண்ணியில இறக்கி, ஆள் ஏத்தி ஓட்டிப் பார்த்தாத்தான் முழு சர்வே. ஆனா இதுல நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறாதீங்க."

"படகுன்னா கொஞ்சம் தண்ணி ஊறத்தான் செய்யும்" என்றார் சிட்டிபாபு. சாம்பசிவன் தலையாட்டினார்.

அடுத்த கூட்டத்தில் படகைப் பற்றி யாரும் பேசவில்லை, ஸ்டெபினைப் பற்றித்தான் பேசினார்கள்.

"நாம காசு குடுத்துக் கூப்பிட்ட ஆளு, நாம வாங்கப் போற படகையே குறை சொல்றாரு" என்றார் சாம்பசிவன்.

"அவர் அப்ரோச் கொஞ்சம் நெகட்டிவ் டீச்சர். டாக்டர்னாகூட நாம செகண்ட் ஒப்பீனியன் எடுக்கறோம் இல்லையா?" என்றார் ஸ்ரீவத்சன்.

செகண்ட் ஒப்பீனியன் சிட்டிபாபுவின் செலவிலேயே வந்தது. கெட்டி அட்டை, வழவழக் காகிதம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். படகு அருமையான நிலையில் இருப்பதாக எழுதியிருந்தது. படத்தில் இருந்த படகு நீல நிறம்.

"நம்மது பச்சை சார்" என்றார் டீச்சர்.

"கலர் எல்லாம் ஒரு மேட்டரா டீச்சர்?"

டீச்சருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் வகுப்பில் பேசும் குரலிலேயே சொன்னார். "சரி சார். இந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டவரும், வாங்கலாம்னு சொல்ற நாமளும் எல்லாரும் ஒரு தடவை அதுல ஏறி ஏரியில ஒரு சுத்து வருவோம். வந்துட்டு வாங்கிடலாம்."

அப்போதுதான் அல்லிக்குளம் ரெசிடென்சியில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. சாம்பசிவனுக்கு ரத்த அழுத்தம். ஸ்ரீவத்சனுக்கு அன்று ஆபீஸ் கால் இருந்தது, எந்த நாள் என்று சொல்வதற்கு முன்பே கால் இருந்தது. ஒருவருக்குச் சைனஸ். மூன்றாம் மாடி மாமிக்கு ஜாதகத்தில் ஜலகண்டம். கையெழுத்துப் போட்ட சர்வேயர் போனை எடுக்கவில்லை. எல்லோரும் உட்கார மறுத்த அந்தப் படகை வாங்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். டீச்சர் தூக்கவில்லை.

தூக்கவில்லையே தவிர, தூக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது நிஜம். இந்த மழைக்குள் வேறு படகு கிடைக்காது. வீட்டுக்குப் போனதும் லாசரஸ் கேட்டார்.

"படகு வருதா தபீதா?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

ஆயுத பூஜைக்குப் படகு வந்து இறங்கியது. பூசணிக்காய் உடைத்தார்கள், சந்தனம் குங்குமம் வைத்தார்கள். டீச்சர் சர்ச் ஐயரையும் அழைத்து ஒரு ஜெபம் செய்யச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று சாம்பசிவன் பெருந்தன்மையோடு கேட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு டயர்கள் மேல் படகு உட்கார்ந்தது. வாட்ச்மேன் குப்பனின் சைக்கிள் இடம் மாறியது. விற்பனைக்கு இருந்த ஃப்ளாட்டின் விளம்பரத்தில் 'கார் பார்க்கிங், போட் வசதி உண்டு' என்று சேர்த்தார்கள்.

லாசரஸின் சந்தோஷத்தைத்தான் டீச்சரால் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் அவர் நாற்காலி படகுக்குப் பக்கத்துக்கு நகர்ந்தது. நல்ல கையால் அதைத் தடவிக்கொண்டே ஸ்கூல் ஆட்டோ பிள்ளைகளிடம், "நான்தான் இதுக்கு கேப்டன். மழை வரட்டும், உங்க எல்லாரையும் ஏத்திக்கிறேன்" என்பார். பிள்ளைகள் சல்யூட் வைத்துவிட்டுப் போவார்கள்.

முதல் பெரிய மழை ஒரு பகல் முழுக்கக் கொட்டிவிட்டுச் சாயங்காலம் ஓய்ந்தது. படகுக்குள் பாதி உயரத்துக்குத் தண்ணீர். எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "காலைல முகந்து ஊத்திடறேன் சார்" என்றார் குப்பன்.

காலையில் முகப்பதற்கு ஒன்றுமில்லை. படகு காலியாக, சுத்தமாகத் துடைத்தது போல இருந்தது. பக்கெட்டோடு நின்ற குப்பனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சாம்பசிவன் மாடியிலிருந்து இறங்கி வந்து, உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்து, முகம் மலர நிமிர்ந்தார்.

"பார்த்தீங்களா? ராத்திரி அவ்வளவு தண்ணி. இப்ப ஒரு சொட்டு நிக்கல."

கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. இடம் வாங்குவதோ வீடு வாங்குவதோ, 'இங்க தண்ணி நிக்காது சார்' என்ற ஒரு வாக்கியத்துக்காகவே வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கொடுத்த ஜனங்கள் அவர்கள். அதைக் கடைசியில் ஒரு பொருளாவது நிரூபித்துக் காட்டிவிட்டது. ஸ்ரீவத்சன் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். 'நெகட்டிவாகப் பேசியவர்களின் கவனத்துக்கு' என்று ஒருவர் கீழே எழுதினார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். தண்ணீரை வடிக்க அடியில் வைத்திருக்கும் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. பட்டி உதிர்ந்த கோட்டின் நீளத்துக்கு ஈரம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"உள்ள இருந்த தண்ணி கீழ வழியா வெளிய போயிருக்கு சார். வெள்ளம் வந்தா வெளிய இருக்கற தண்ணி அதே வழியாத்தானே உள்ள வரும்?"

"டீச்சர், அது வேற, இது வேற" என்றார் சாம்பசிவன் அன்பாக.

இதற்கு மேல் யாரிடம் என்ன பேசுவது? டீச்சர் வீட்டுக்குள் வந்து அபிகாயிலுக்குப் போன் செய்தார். இரண்டாம் மாடி வீட்டுச் சாவி மதியமே வந்துவிட்டது. லாசரஸிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. விரிசல், பின்பலகை, நீலப் படகின் படம், எல்லாவற்றையும் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பிள்ளைங்ககிட்ட ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டேனே" என்றார். டீச்சருக்கு அங்கேதான் அழுகை வந்தது.

சாயங்காலம் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் ஆளுக்கு ஒரு காலாகப் பிடித்துத் தூக்கினார்கள். தலைவர் என்ற முறையில் சாம்பசிவனும் ஒரு கால் பிடித்தார். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். ஜன்னல் வழியாகக் கேட்டும் தெருவும் தெரிந்தன. லாசரஸ் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னார். ஸ்கூல் ஆட்டோ வந்து நின்றது. பிள்ளைகள் படகுக்குப் பக்கத்தில் யாரையோ தேடிப் பார்த்துவிட்டு, வெறும் படகுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் இங்கிருந்து கையைத் தூக்கினார். அது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மறுபடியும் தூக்கக் குனிந்தபோது சாம்பசிவன் மூச்சிரைக்கக் கேட்டார். "கீழ படகு இருக்கறப்ப எதுக்கு டீச்சர் இவருக்கு இந்தக் கஷ்டம்?"

டீச்சர் இரண்டு படி இறங்கி வந்து, அவர் பிடித்திருந்த நாற்காலிக் காலில் தன் கையை வைத்தார்.

"நீங்க விடுங்க சார். நான் பிடிச்சுக்கறேன்."